இடுப்பளவு

சனிக்கிழமை சாயங்காலம் கடை அடைத்ததும் அம்மா பெரியவளின் ஸ்கர்ட்டை எடுத்து இடுப்பில் கால் அங்குலம் பிடித்துத் தைப்பாள். அவர்களுடைய தையல் கடையில் அம்மாவுக்கும் இரண்டு மகள்களுக்கும் ஒரே சாம்பல் நிறச் சீருடை. திங்கட்கிழமை கொக்கி மாட்டாது. மாட்டாவிட்டால் பயந்துபோய் இவள் வாயைக் கட்டுவாள் என்பது அம்மாவின் கணக்கு.

பெரியவளும் தையல்காரிதான். விரலால் தடவினாலே புது நூல் தெரிந்துவிடும். ஞாயிறு மதியம் அம்மா கண்ணயர்ந்ததும் பிரித்துவிடுவாள். அம்மா ஒன்றும் கேட்கமாட்டாள். அடுத்த சனிக்கிழமை அரை அங்குலம் பிடிப்பாள். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியதெல்லாம் வேறு.

"உன் வயித்துக்கு அடின்னு ஒண்ணு இருக்காடி?"

"இல்லம்மா. அப்பாவும் தேடிப் பாத்துட்டுத்தான் செத்தாரு."

அப்பாவுக்கும் சாப்பிட்டுக் கை கழுவும்போதே அடுத்த வேளை நினைவுக்கு வந்துவிடும். இவளுக்கும் அப்படியே. போதும் என்று சொல்லவேண்டிய ஏதோ ஒன்று உள்ளே ஊமையாகவே பிறந்திருந்தது.

சின்னவள் கல்லாவில் உட்காருபவள். ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. எதைத் தின்றாலும் குச்சி. ஒரு திங்கட்கிழமை அவள் கொக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் குண்டாயிட்டேனா?"

அம்மா திரும்பாமலே சொன்னாள். "அவ ரத்தம்தானே உனக்கும். இப்பவே பாத்துக்கோ. அப்புறம் ரெண்டு மூட்டையை வெச்சுக்கிட்டு நான் கடை நடத்த முடியாது."

அன்று மாலை ஸ்கர்ட்டுகளுக்கு இஸ்திரி போடும்போது பெரியவள் விரலில் அது தட்டுப்பட்டது. தங்கையின் இடுப்பில் புது நூல். சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

சாப்பிடும்போது சின்னவள் பாதியில் எழுந்துவிட்டாள். "எனக்குப் போதும். நீ சாப்பிடுக்கா." தட்டு நகர்ந்து வந்தது. பெரியவள் வழித்துச் சாப்பிட்டாள். நாளைக்குச் சொல்லலாம். மறுநாளும் தட்டு வந்தது. அதில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

சின்னவள் இளைக்க இளைக்க அம்மாவின் ஊசி அவளை முந்திக்கொண்டே போனது. எவ்வளவு இளைத்தாலும் கொக்கி இறுக்கித்தான் பிடித்தது. வந்த வாடிக்கையாளர்களிடம் அம்மா அவளைத் திருப்பிக் காட்டினாள். "இடுப்புன்னா இது. அதோ உக்காந்திருக்கே, அது பீரோ." வந்தவர்கள் சிரித்தார்கள். பீரோவும் சேர்ந்து சிரித்தது.

சின்னவளின் சீப்பில் முடி கொத்துக்கொத்தாக வந்தது. பிறகு ஒருநாள் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தவள் கல்லாவின் மேலேயே சரிந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவையும் பெரியவளையும் உட்காரவைத்துப் பேசினார்.

"பட்டினி கிடந்தா நமக்கு எரிச்சல் வரும். இவ மூளைக்கு நிம்மதி வருது. பிறவியிலேயே சில பேருக்கு அந்த வாகு இருக்கும். யாராவது ஒரு பயத்தைக் கிளப்பிவிட்டா போதும், அப்புறம் அவங்களா நினைச்சாலும் நிறுத்த முடியாது. இதயம் ரொம்ப பலவீனமா இருக்கு. இனியும் சாப்பிடலைன்னா தாங்காதும்மா. உங்க குடும்பத்துல யாருக்காவது இப்படி..."

"எங்க வீட்டுல எல்லாரும் நல்லா சாப்பிடுவோம் டாக்டர்," என்றாள் அம்மா. அவள் குச்சிக் கையில் கடிகாரம் முழங்கை வரை நழுவிக் கிடந்தது. பெரியவளைக் காட்டினாள். "இவளைப் பாத்தாலே தெரியலையா?"

மறுநாள் அம்மா கடை திறக்கப் போன பிறகு, பெரியவள் தங்கையின் ஸ்கர்ட்டைப் பையில் வைத்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துவந்தாள். கட்டிலில் விரித்தாள். பழைய தையல்களைப் பிரித்த ஊசித் துளைகள் இடுப்பு நெடுக வரிசை வரிசையாக ஓடின.

"நல்லா பாருடி. நீ ஊதவே இல்லை. வாராவாரம் அம்மாதான் பிடிச்சுத் தைச்சிருக்கா. முதல் தடவையே எனக்குத் தெரியும். சொல்லாம விட்டுட்டேன். போதுமா? இப்பவாவது சாப்பிடு."

ஆஸ்பத்திரித் தட்டு மூடியபடியே இருந்தது. சின்னவள் நகத்தால் துளைகளை ஒவ்வொன்றாக வருடினாள். அழவில்லை. பிறகு மூடியைத் திறந்து, தட்டை மெல்ல அக்காவின் பக்கம் தள்ளினாள். அக்காவின் தொண்டை தானாக ஏறி இறங்கியது. அதை அவள் பார்த்தாள்.

"இதை நீ கண்டுபிடிச்சது என் தட்டை வாங்கிக்கறதுக்கு முன்னாடியா, அப்புறமாக்கா?"