ஒன்பது வாளி

கதை எழுதும் தகுதி எனக்கு உண்டென்று எண்ணி இதைத் தொடங்கவில்லை. மொன்வெர்னேயில் பதினெட்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன்; ஊர் மன்றத்துக்கான கடிதங்களைத் தவிர வேறெதையும் எழுதிப் பழக்கமில்லை. தொடர்புடையவர்களிடம் முறைப்படி அனுமதி பெற்ற பிறகே எழுதுகிறேன். எங்கேனும் வரம்பு மீறியிருந்தால் வாசகர்களும், குறிப்பாகத் திருமதி ஒதீல் அவர்களும், பொறுத்தருள வேண்டும்.

அன்செல்ம் தம் சம்பந்தி வீட்டுக்கு வந்து இறங்கியது நவம்பர் மாதத்து ஒரு திங்கட்கிழமை. பர்கண்டியில் ஒரு பெரிய தோட்டத்தின் நிலவறையை நாற்பத்தோர் ஆண்டுகள் கட்டிக்காத்து ஓய்வு பெற்றவர் அவர். அவருடைய ஒரே மகள் நொயெமி ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஜூரா மலைச்சரிவில் உள்ள எங்கள் ஊருக்கு, ஃபிர்மின் வீட்டு மருமகளாக வந்தாள். மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கும் மனிதர் ஒரு வாரமாவது தங்களுடன் இருக்கட்டும் என்று ஃபிர்மினும் அவர் மனைவி ஒதீலும் நான்கு முறை கடிதம் எழுதி வரவழைத்திருந்தார்கள்.

வந்த நாளிலிருந்து அவரை ஒரு கரண்டியைக்கூட எடுக்க விடவில்லை. விறகு எடுக்கப் போனால் மருமகன் தீபோ கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான். தட்டைக் கழுவ எழுந்தால் ஒதீல் நாற்காலியில் மறுபடி உட்காரவைத்தார்.

"அண்ணா, இன்னும் ரெண்டு துண்டு வச்சுக்குங்க. நம்ம வீட்டுப் புகையில வாட்டின இறைச்சி."

"போதும்மா. வயிறுன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"அந்த வயிறு இங்க வந்து பெருத்துச்சுன்னு ஊர் பேசணும். அதுதான் எனக்கு மரியாதை."

அவர் வாங்கிக்கொண்டார், மென்றார், "ஆகா" என்றார். அந்த "ஆகா" பொய். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அவருடைய மோப்பத்தையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. நாக்குக்கு உப்பும் புளிப்பும் இனிப்பும் கசப்பும் மட்டுமே தெரிந்தன. மற்ற எல்லாம், இறைச்சியின் புகை, காளானின் மண்வாசம், ஒயினின் உயிர், எதுவுமே இல்லை. நிலவறைக்காரனுக்கு மூக்கு போவது தையற்காரனுக்குக் கண் போவது போல. முட்டிவலி என்று முதலாளியிடம் சொல்லி வேலையை விட்டார். மகளிடமும் முட்டிவலி என்றுதான் சொன்னார். அதன் பிறகு யார் வீட்டு விருந்திலும், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து அதற்கேற்ப "ஆகா" சொல்லக் கற்றுக்கொண்டிருந்தார்.

முதல் நாள் மாலையிலேயே ஃபிர்மின் அவரைப் பரணுக்கு அழைத்துச் சென்றார். வெயிலும் குளிரும் தாராளமாக வந்து போகும் ஓட்டுக்கூரையின் கீழே மஞ்சள் ஒயின் பீப்பாய்கள் வரிசையாகக் கிடந்தன. ஊற்றி வைத்தது வற்றி வற்றிக் குறையும். குறைந்த இடத்தை யாரும் நிரப்பமாட்டார்கள். அதன் மேல் பாலாடை போல ஒரு திரை படரும். ஆறு ஆண்டுகள் அந்தத் திரை கிழியாமல் இருந்தால்தான் அதற்கு மஞ்சள் ஒயின் என்று பெயர்.

"உங்க ஊர்ல பீப்பாயைக் கைக்குழந்தை மாதிரி வாராவாரம் ஊட்டி ஊட்டி வளர்ப்பீங்க" என்றார் ஃபிர்மின். "நாங்க பெத்துப் போட்டுட்டு ஆறு வருஷம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். எது உருப்படுதுன்னு நீங்களே சொல்லுங்க, சம்பந்தி!"

"நாங்க ஊட்டி வளர்த்த பிள்ளையைத்தானே நீங்க தேடி வந்து கூட்டிட்டுப் போனீங்க?"

ஃபிர்மின் விழுந்து விழுந்து சிரித்தார். பீப்பாயின் முகப்பில் இருந்த சிறு குழாயைத் திருகி ஒரு கிண்ணம் நீட்டினார். அன்செல்ம் முகர்ந்தார், ஃபிர்மினின் முகத்தைப் பார்த்தார், "ஆகா, அக்ரூட் பருப்பு!" என்றார். மஞ்சள் ஒயினைப் பற்றி எல்லோரும் சொல்வது அதுதான்.

"கீழ நிலவறையிலயும் இது இருக்கா?"

ஃபிர்மின் ஒரு கணம் தாமதித்தார். "கீழயா? அங்க சாதா வெள்ளைதான். உங்க ஊர் முறையில நிரப்பி வச்சது. மஞ்சள் எல்லாமே இங்க மேலதான்." சொல்லிவிட்டு ஏனோ அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

புதன்கிழமை காலை ஃபிர்மினும் ஒதீலும் சந்தைக்குப் போனார்கள். நொயெமியும் தீபோவும் கொடிகளைக் கவாத்து செய்யச் சரிவுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் அன்செல்ம் மட்டும். மேசையில் ரொட்டியும் பழப்பாகும் மூடி வைக்கப்பட்டிருந்தன. "எதையும் தொடாதீங்க, வந்து நான் எடுத்து வைக்கிறேன்" என்று ஒரு சீட்டும் இருந்தது. மூன்று நாளாகத் தின்று தின்று உட்கார்ந்திருந்த மனிதருக்கு அந்த அன்பு உடம்பை உறுத்தியது. கைவிளக்கை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினார்.

பதினேழு படிகள். கீழே பன்னிரண்டு பீப்பாய்கள். பழக்கம் விடவில்லை, ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நடந்தார். எல்லாம் நிறைந்த ஓசை. மகள் சரியாகத்தான் பார்த்துக்கொள்கிறாள் என்று மனம் குளிர்ந்தது. அப்போதுதான் மூலையில், காற்றுக்காக விட்ட சிறு சன்னலின் அடியில், இரண்டு பீப்பாய்களுக்குப் பின்னால் பதின்மூன்றாவது ஒன்று இருப்பதைக் கண்டார். தட்டினார். காலிப்பானை போல ஒலித்தது. முகப்பில் சுண்ணக்கட்டியால் "நொ" என்று எழுதியிருந்தது. மகளின் கையெழுத்து.

அவருக்கு முகம் சூடாயிற்று. ஒரு பீப்பாயை இத்தனை ஆண்டுகள் மறந்து மூலையில் போட்டிருக்கிறாளா? தக்கையைப் பிடுங்கி விளக்கை நீட்டினார். ஒயின் வெகு ஆழத்தில் கிடந்தது. அதன் மேல் சாம்பல் நிறத்தில் சுருக்கம் சுருக்கமாகப் பூஞ்சை. அவர் ஊரில் ஒரு பீப்பாய் இப்படிப் பூத்துவிட்டால் அதைப் பார்த்துக்கொண்டவனை வேலையிலிருந்து நிறுத்துவார்கள். குனிந்து முகர்ந்தார். ஒன்றும் தெரியவில்லை. ஒரு துளியை நாக்கில் வைத்தார். புளிப்பு. காடியாகத் திரும்புகிறது என்று முடிவு கட்டினார்.

மேலே கிடப்பதோடு இதை ஒப்பிட அவருக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் நம்பக் கடினம்தான். ஆனால் மஞ்சள் எல்லாம் மேலே என்று வீட்டுக்காரரே சொல்லியிருந்தார். விருந்தாளி அதைச் சந்தேகிப்பது நாகரிகமல்ல. அந்த நேரத்தில் அவர் மனத்தில் இருந்தது ஒன்றே ஒன்று. மாமனார் கண்ணில் படும் முன் மகளின் மானத்தைக் காப்பாற்ற வேண்டும்.

படியோரத் தொட்டியில் வெள்ளை ஒயின் இருந்தது. நீள மூக்குத் தகர வாளியில் பிடித்துப் பிடித்து ஊற்றினார். ஒன்பது வாளி. பூஞ்சை மெல்ல மேலே எழும்பி வாய் விளிம்பில் வழிந்தது. அதைத் துணியால் ஒற்றி எடுத்தார். துளி இடம் விடாமல் நிரப்பி, சுத்தமான துணியை நான்காக மடித்து, ஒரு முனையை உள்ளே செருகித் தக்கையை இறுக்கினார். நொயெமிக்குப் பத்து வயதில் அவர் கற்றுக்கொடுத்த மடிப்பு அது. படியேறும்போது, சாக்காகச் சொல்லிவந்த முட்டிவலி உண்மையாகவே வந்தது. இருந்தும் மகிழ்ச்சியாக இருந்தார். அன்று மதியம் ஒதீல் வற்புறுத்தாமலே அவர் தாமாக இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விருந்து. மொரெல் காளானும் பாலேடும் மஞ்சள் ஒயினும் சேர்த்து வேகவைத்த சேவல். எல்லோர் முகமும் மலர்ந்தது. அன்செல்ம் "ஆகா" என்றார். ஃபிர்மின் கத்தியால் கிண்ணத்தைத் தட்டி எழுந்தார்.

"சம்பந்தி, உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். மன்னிக்கணும்."

"என்ன பொய்?"

"மஞ்சள் எல்லாம் மேலதான்னு சொன்னேன்ல? ஒண்ணு கீழ இருக்கு. இந்த வீட்டுக்கு வர்ற மருமக, வந்த வருஷம் ஒரு பீப்பாயைத் தன் கையால வைக்கணும். அதை வேற யாரும் தொடக்கூடாது. ஒதீல் வச்சா, எங்கம்மா வச்சாங்க. எல்லாரும் பரண்லதான் வச்சாங்க. இவ மட்டும் கீழதான் வைப்பேன்னு ஒத்தைக்கால்ல நின்னா."

"சன்னல் இருக்கு, காத்து வருதுன்னு சொன்னேன், மாமா" என்றாள் நொயெமி.

"கீழ வச்சா திரை கட்டாது, கட்டினா என் மீசையை எடுத்துடறேன்னு சொன்னேன். கட்டிடுச்சு! போன வசந்தத்துல பார்த்தேன், நம்ம பரண்ல இருக்கறதைவிட நல்லா இருக்கு. இன்னும் அஞ்சு வாரத்துல ஆறு வருஷம் முடியுது. இவங்கப்பா முன்னாடிதான் தோத்துட்டேன்னு ஒத்துக்கணும்னு வச்சிருந்தேன். கிண்ணத்தை எடுங்க, கீழ போவோம். மீசையை நாளைக்கு எடுத்துக்கலாம்."

"நாளைக்கு என்ன, கத்தரிக்கோல் இங்கயே இருக்கு" என்றார் ஒதீல்.

எல்லோரும் சிரித்தார்கள். அன்செல்ம் தம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். அப்போதே சொல்லியிருக்கலாம். பதினேழு படிகளில் ஒவ்வொரு படியிலும் சொல்லியிருக்கலாம். அடுத்த படியில், அடுத்த படியில் என்று நினைத்துக்கொண்டே கீழே வந்து சேர்ந்துவிட்டார்.

திரை அசையாதிருக்க வேண்டி ஃபிர்மின் முகப்புக் குழாயைத்தான் திருகினார். கிண்ணத்தில் விழுந்தது வெளிறிப்போயிருந்தது. முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். எதுவும் பேசாமல் பீப்பாயின் மேல் கை வைத்துத் தக்கையைப் பிடுங்கினார். துணியோடு வந்தது. விளிம்பு வரை ஒயின் மினுங்கியது.

"யார் இதை நிரப்பினது?"

ஃபிர்மினின் பார்வை மருமகளிடம் போய் நின்றது. "பர்கண்டிப் புத்தி போகலையாம்மா உனக்கு?" மேசையில் கேட்ட கேலியின் சாயல் அந்தக் குரலில் துளியும் இல்லை.

நொயெமி தக்கையில் தொங்கிய துணியைப் பார்த்தாள். நான்கு மடிப்பு. உள்ளே செருகிய முனை. அவள் தந்தையைப் பார்க்கவே இல்லை.

"நான்தான், மாமா. கை தவறிடுச்சு."

"கை தவறி எண்பது லிட்டரா?"

அவள் தலை குனிந்துகொண்டாள். அன்செல்ம் பீப்பாயின் இரும்புப் பட்டையைக் கூர்ந்து பார்த்தபடி நின்றார். எழுபத்திரண்டு வயதில், தம் மகளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது இவ்வளவு எளிது என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

மேலே வந்தார்கள். விருந்து தொடர வேண்டும் என்பதால் ஒதீல் பாலாடைக்கட்டியைக் கொண்டுவந்து வைத்தார். நொயெமி வெட்டினாள். முதல் துண்டைத் தந்தையின் தட்டில் வைத்தாள். அதுதான் அவரால் தாங்க முடியாததாயிற்று.

"நான்தான் ஊத்தினேன்" என்றார். "புதன்கிழமை காலையில. ஒன்பது வாளி. இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

ஃபிர்மின் கத்தியைக் கீழே வைத்தார். "நாற்பது வருஷம் நிலவறையில இருந்த மனுஷன். மோந்து பார்க்கலையா நீங்க?"

"பார்த்தேன். எனக்கு ஒரு வாசனையும் தெரியாது, சம்பந்தி. மூணு வருஷமா தெரியாது."

"பரண்ல அக்ரூட்னு சொன்னீங்களே?"

"எல்லாரும் அப்படித்தானே சொல்வாங்க."

ஒதீல் மெல்லக் கேட்டார்: "அப்ப, ஏழு நாளா நான் சமைச்சது?"

ஒதீல் எழுந்து, அன்செல்ம் முன்னால் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார். விருந்தாளி சாப்பிட்டு முடிக்காத தட்டை அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் எடுத்ததில்லை.

"பீப்பாய் போனாப் போகுது" என்றாள் நொயெமி. அப்போதுதான் அவள் கண் நிறைந்தது. "மூக்கு போனதை எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல, அப்பா? வாரம் தவறாம போன்ல பேசறோமே. கீழயும் எவ்வளவு நேரம் நின்னீங்க. வாயைத் திறக்கலையே."

"சொல்லணும்னுதான்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

ஃபிர்மின் வெளியே போகுமுன் வாசலில் நின்று, "எல்லாம் மேலதான்னு நானும் பொய் சொன்னேன்" என்றார். அது மன்னிப்பா, கணக்குத் தீர்த்ததா என்று அன்செல்முக்கு இன்றுவரை தெரியாது.

ஒருமுறை நிரப்பிய பீப்பாயை மஞ்சள் ஒயின் என்று விற்கச் சட்டம் இடம் கொடுக்காது. யாரிடமும் சொல்லாமல் விட்டிருந்தால் வெளியே தெரிந்திருக்காது என்பது உண்மை. ஃபிர்மின் அப்படிச் செய்கிற மனிதரல்ல. அன்றே சுண்ணக்கட்டியை எடுத்து, "நொ" என்பதன் கீழே "சமையலுக்கு" என்று எழுதினார். திங்கட்கிழமை காலை அன்செல்ம் புறப்படும்போது அவர் வழியனுப்ப வரவில்லை, கவாத்துக்குப் போயிருந்தார்.

ஒதீல் மட்டும் வாசலில் நின்றார். "உப்பும் புளிப்பும் தெரியுமா, அண்ணா?"

"தெரியும்மா."

ஒதீல் ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்தார். சிறு வெள்ளரி ஊறுகாய், இரண்டு பாட்டில். அன்செல்ம் அதை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போனார். அந்த வாரம் அவருக்குக் கிடைத்த உபசாரங்களிலேயே இதைத்தான் தம்மால் தாங்க முடியவில்லை என்று என்னிடம் சொன்னார்.

இழந்தவை இவை. ஒரு பீப்பாயில் மிஞ்சியிருந்த நூற்று நாற்பது லிட்டர் மஞ்சள் ஒயின். அதாவது, மஞ்சள் ஒயினுக்கென்றே உள்ள குட்டைப் புட்டிகளில் அடைத்திருந்தால் இருநூற்று இருபது சொச்சம். அதில் ஊற்றப்பட்ட வெள்ளை ஒயின், ஒன்பது வாளி. ஆறு ஆண்டுகள், ஐந்து வாரம் குறைய. நொயெமி வென்ற பந்தயம்; ஃபிர்மினின் மீசை இன்னும் அப்படியே இருக்கிறது. ஒதீல் சமையலுக்கு அன்செல்ம் சொன்ன "ஆகா" அத்தனையும். பதினேழு படிகளும் ஒரு தட்டுப் பாலாடைக்கட்டியும் ஆகும் நேரம், ஒரு மகள் தந்தையின் வாயிலிருந்து எதிர்பார்த்து நின்ற "நான்தான்" என்ற ஒரு சொல்.