மூன்று சென்டிமீட்டர்

அடுத்த ஆண்டுக்கு அறிவியல் பிரிவைக் கேட்டவர்கள் பதினொரு பேர். போன ஆண்டு முப்பத்து நான்கு. ஏன் என்று ஒரு பக்கம் எழுதித் தரும்படி தலைமையாசிரியை கேட்டிருந்தார்.

இயற்பியல் ஆசிரியர் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அரைப் பக்கம் எழுதிவிட்டார். கைபேசி. வீட்டில் கவனிப்பு இல்லை. உழைக்காமல் மதிப்பெண் வேண்டும் என்ற எண்ணம். கடைசியாக, சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று சேர்த்தார்.

பக்கத்து நாற்காலியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த கணக்கு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"சட்டியக் கவுத்தது யாருன்னு எழுதலையா சார்?"

"உங்க கணக்குதான் டீச்சர். அதுக்குப் பயந்துதான் ஓடுறாங்க."

"ஆமா, ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்."

இயற்பியல் ஆசிரியர் சிரித்துக்கொண்டே விருப்பப் படிவங்களைப் புரட்டினார். ஒன்றில் கை நின்றது. தராசின் படிவம். எதையும் இரண்டு முறை அளக்காமல் எழுதமாட்டாள் என்பதால் வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் அது. அறிவியலுக்கு நேரே போட்ட குறியை அடித்துவிட்டு வணிகவியலுக்குப் போட்டிருந்தாள். மாற்றுவதாக இருந்தால் நாளை மாலைதான் கெடு.

"இவளுமா?" என்றார்.

ஆய்வகத்துக்குப் போய் அவளுடைய ரெக்கார்டு நோட்டை எடுத்து வந்தார். அவள் எங்கே சறுக்கினாள் என்று தெரிந்தால் அதையும் தலைமையாசிரியைக்கான பக்கத்தில் சேர்க்கலாம்.

ஐந்து மாதத்துக்கு முந்தைய ஊசல் சோதனையில் கிடைத்தது. நூலில் குண்டைக் கட்டி ஆட்டி, நூலின் நீளத்தையும் ஆடும் நேரத்தையும் வைத்துப் புவியீர்ப்பைக் கணக்கிட வேண்டும். 9.8 வர வேண்டும். அவளுக்கு 10.3 வந்திருந்தது. கீழே நீளத்துக்கும் நேரத்தின் வர்க்கத்துக்கும் வரைபடம். ஐந்து புள்ளிகள். அவற்றைச் சேர்த்த கோடு பூஜ்ஜியத்தில் தொடங்காமல் சற்றுத் தள்ளித் தொடங்கியது. பக்கத்தின் குறுக்கே அவருடைய சிவப்பு மை. "கோடு பூஜ்ஜியத்தில் தொடங்க வேண்டும். தவறு."

அன்று சொன்னதும் நினைவுக்கு வந்தது. நோட்டை எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்து, "உன்னை மட்டும் பூமி தனியாப் பிடிச்சு இழுக்குதாம்மா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்து அடங்க நேரமாயிற்று. அவரும் சிரித்தார். சாயங்காலம் மனைவியிடமும் சொல்லிச் சிரித்தார்.

அடுத்த பக்கத்தில் அதே சோதனை மறுபடியும். 9.8. கோடு பூஜ்ஜியத்தில் தொடங்கியது. ஓரத்தில் அவர் கையால் "நன்று".

கணக்கு டீச்சர் நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். அடிக்கப்பட்ட வரைபடத்தில் பேனாவை வைத்தார்.

"இது ஏன் சார் தப்பு?"

"நீளமே இல்லேன்னா ஆட்டமும் இல்ல. அப்ப பூஜ்ஜியத்துலதானே ஆரம்பிக்கணும்?"

"சரிதான். ஆனா அஞ்சு புள்ளியும் ஒரே கோட்டுல உக்காந்திருக்கே. தப்பா அளக்கிறவளுக்கு இப்படி வராது. கோடு நீள அச்சை மூணு சென்டிமீட்டர்ல வெட்டுது. எல்லா நீளத்துலயும் அதே மூணு கூடியிருக்கு." பேனாவை மூடினார். "அவ ஒழுங்காத்தான் அளந்திருக்கா. எதால அளந்தான்னு பாத்தீங்களா?"

அவர் எழுந்து ஆய்வகத்துக்குப் போனார்.

அவள் அன்று சோதனை செய்த ஆறாம் மேசையின் மர மீட்டர் ஸ்கேலை எடுத்து இன்னொன்றின் பக்கத்தில் வைத்தார். நூறு என்ற எண்ணுக்கு நேரே நூறைப் பொருத்தினார். மறுமுனை மூன்று சென்டிமீட்டர் குட்டை. அந்த ஓரத்து எண்கள் எப்போதோ தேய்ந்து போயிருந்தன.

"முனை சிராய் எடுத்துப் பிள்ளைங்க கையில ஏறுச்சு சார்," என்றார் ஆய்வக உதவியாளர். "அறுத்துத் தேய்ச்சு வச்சேன். போன வருஷமே சொன்னேனே. நீங்க சரி சரின்னு தலையாட்டுனீங்க."

சொல்லியிருப்பார்.

அந்த மேசையில் அன்று நான்கு பேர். மற்ற மூவரின் நோட்டுகளையும் தேடி எடுத்தார். 9.8. 9.8. 9.8. மூன்றிலும் "நன்று".

மறுநாள் முதல் பாடவேளையில் ஸ்கேலோடு வகுப்புக்குப் போனார். இரவு முழுக்க அடுக்கி வைத்திருந்த வாக்கியங்களில் பாதிதான் வந்தது.

"ஊசல் சோதனையில இவ அளந்தது சரி. இந்த ஸ்கேல் மூணு சென்டிமீட்டர் குட்டை. இவ போட்ட கோடு அதைக் காட்டிக் குடுத்துச்சு. எனக்குத்தான் பாக்கத் தெரியல. அன்னைக்கு நான் சிரிச்சது தப்பு."

யாரும் சிரிக்கவில்லை. பின் வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும், "அப்ப எங்களுக்கு எப்படி சார் 9.8 வந்துச்சு?" என்றது.

"வாய மூடுடா," என்றது பக்கத்துக் குரல்.

தராசு ஸ்கேலைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள்.

இடைவேளையில் அவளை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டார். அவளுடைய படிவம் அவர் கையில் இருந்தது.

"இதை இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் மாத்தலாம்மா."

"பரவாயில்ல சார். அப்பா கையெழுத்துப் போட்டுட்டாரு."

"அப்பாகிட்ட நான் பேசறேன்."

"அவருக்கு எதுன்னாலும் சரிதான் சார். நான்தான் மாத்தினேன்."

அவர் படிவத்தை மேசையில் வைத்தார். ஒரு புது ஸ்கேலை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஒரு தடவை நல்ல ஸ்கேல் வச்சு அளந்து பாரேன். மார்க்குக்கு இல்ல. சும்மா."

பெரியவர் சொல்லைத் தட்டாத பெண். நூலைக் கட்டினாள். முடிச்சை இழுத்துப் பார்த்தாள். தாளில் கட்டம் போட்டாள். எல்லாம் முன்பு போலவே நிதானமாக. குண்டை ஓரமாக இழுத்து இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எவ்வளவு வரணும் சார்?"

குத்தலாகக் கேட்கவில்லை. குண்டை விடாமல், பதிலுக்குக் காத்திருந்தாள்.