நுரைத்தம்பியின் பதில்

எங்கள் கம்பெனியின் வாஷிங்மெஷின் பேசும். அதாவது, அது பேசுவதுபோல நான் டைப் அடிப்பேன். அதற்குப் பெயர் நுரைத்தம்பி. கம்பெனியின் ஃபேஸ்புக் பக்கத்தில் யார் என்ன எழுதினாலும் மூன்று நிமிடத்துக்குள் நுரைத்தம்பி பதில் போட்டாக வேண்டும். தாண்டினால் சுவரில் இருக்கும் பெரிய திரையில் என் இருக்கை எண் சிவப்பாகும். மேலதிகாரி தலையை நிமிர்த்துவாள். அவளுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ஸ்டாப்வாட்ச். இது அவளுக்குத் தெரியாது என்று நம்புகிறோம்.

செல்போன்களை வாசலிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஷிப்ட் முடிந்து எடுத்தாலும் நான் திறந்து பார்ப்பதில்லை. நாள் முழுக்க முகம் தெரியாதவர்களிடம் "அச்சச்சோ தோழி!" என்று குழைந்தவனுக்கு, சொந்தத் தங்கையிடம் "என்ன?" என்று கேட்கக்கூடத் தெம்பு மிஞ்சாது. வீட்டு வாட்ஸப் குழுவில் இருநூற்றுப் பதினான்கு செய்திகள் படிக்காமல் கிடந்தன. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தெரியும். எவ்வளவு முடியவில்லை என்பதைத்தான் தெரிந்துகொள்ளாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, கம்பெனி பக்கத்தில், ஊரே பார்க்க என் தங்கை எழுதினாள்:

"நுரைத்தம்பி, உனக்குள்ள எங்க அண்ணன் வேலை பாக்கறான். ஒரு வாரமா போனை எடுக்கலை. இங்க எழுதினா மூணு நிமிஷத்துல பதில் வருமாமே. அப்பாவுக்கு இன்னைக்குத் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அவனைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கார். கிளம்பி வரச் சொல்லு."

இரண்டு தடவை படித்தேன். பதற வேண்டும் என்று தெரிந்தது. பதறவில்லை. திரையில் இரண்டு நிமிடம் நாற்பது விநாடி ஆகியிருந்தது. கை தன்பாட்டுக்கு வேலையைப் பார்த்தது.

"அச்சச்சோ தோழி! உங்க சிரமம் புரியுது. மெஷின் வாங்கின தேதியையும் பில் நம்பரையும் தனிச்செய்தியில அனுப்புங்க, நுரைத்தம்பி பார்த்துக்கறேன்!"

போன பிறகுதான் நான் என்ன அனுப்பினேன் என்று படித்தேன்.

பத்து நிமிடத்தில் அது எங்கெங்கோ போய்விட்டது. ஒரு மெத்தை கம்பெனி, "பில் நம்பர் கேட்காமல் உங்களைத் தூங்கவைப்பது நாங்கள் மட்டுமே" என்று சந்தடி சாக்கில் விளம்பரம் போட்டது. ஒரு செய்தித்தளம், "மரணப்படுக்கையில் தந்தை, பில் கேட்ட வாஷிங்மெஷின்" என்றது. பன்னிரண்டு மணிக்கு டிவியில் அடியில் ஓடியது.

ஸ்டாப்வாட்ச் நடுவில் வந்து நின்றாள். "யாரு அந்த அண்ணன்? நம்ம ஷிப்ட்டா?"

பதினாறு பேர் இருந்தோம். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். கையைத் தூக்கினால் அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம். ஊரில் இருக்கும் வீட்டுக்கு இரண்டு மணி நேரம்தான். ஆனால் அந்தப் பதில் என் இருக்கையிலிருந்து போனது என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணனும் நானே என்றால் எந்த முகத்தோடு எழுந்து நடப்பது? வெட்கமாக இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த ஒரே உணர்ச்சி அதுதான்.

அவள் நேரே என்னிடம் வந்தாள். "நீதானே போட்டே, நீயே சரிபண்ணு. மன்னிப்பு எழுதறதுல உன்னை அடிச்சுக்க ஆளே இல்லை."

அது உண்மை. ஒன்பது நிமிடத்தில் எழுதினேன்: "நான் வெறும் மெஷின். எனக்கு அப்பா கிடையாது. உங்களுக்கு இருந்தால், இதை மூடிவிட்டு இப்போதே அவருக்குப் போன் பண்ணுங்கள்."

இரண்டு மணிக்குள் நாற்பதாயிரம் பேர் பகிர்ந்தார்கள். அதே செய்தித்தளம், "கண்கலங்க வைத்த வாஷிங்மெஷின்" என்று எழுதியது. மெத்தைக்காரன் தன் பதிவைச் சத்தமில்லாமல் நீக்கினான். வருடக்கணக்கில் பேசாதவர்களெல்லாம் அப்பாவைக் கூப்பிட்டுவிட்டதாக எழுதினார்கள். ஒருவரின் அப்பா எடுத்தவுடனே, "யாரு செத்தது?" என்று கேட்டாராம். எல்லோருக்கும் மூன்று நிமிடத்துக்குள் நன்றி சொன்னேன். எங்கள் அப்பாவுக்கு மட்டும் போன் போகவில்லை.

மூன்றே காலுக்கு ஸ்டாப்வாட்ச் தன் கையாலேயே டீ கொண்டுவந்து வைத்தாள். "அசத்திட்டே. இன்னைக்குச் சீக்கிரம் கிளம்பு" என்றாள். டீயைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

வீட்டுக்குப் போனபோது ஐந்தரை. வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய அட்டைப்பெட்டி, மேலே சிவப்பு ரிப்பன். புது வாஷிங்மெஷின். தங்கை பெயரில் எங்கள் கம்பெனி மெஷின் வாங்கியிருந்த பழைய பில்லிலிருந்து முகவரியை எடுத்து, சூட்டோடு சூடாக ஸ்டாப்வாட்ச் அனுப்பியிருக்கிறாள். வந்தவர்கள் ஒவ்வொருவராக அதைச் சுற்றிப் பக்கவாட்டில் நுழைந்து அப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். நானும் அப்படித்தான் நுழைந்தேன்.

அப்பாவின் தாடையை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். தங்கை தலைமாட்டில் இருந்தாள். நாலு அறை அறைந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவள் நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான்.

"மூணு மணிக்கு இந்தப் பொட்டியைக் கொண்டுவந்து இறக்கினாங்க" என்றாள். "வாசல்ல சத்தம் கேட்டதும், 'வந்துட்டானா?'ன்னு கேட்டார். நான் ஆமான்னு சொல்லிட்டேன்."