வெட்டுகிறவளுக்குக் கடைசித் துண்டு

மேற்பார்வையாளர் காகிதத்தை நீட்டியபோது தண்ணியக்கா மூன்றாம் தெரு வால்வைத் திறந்துகொண்டிருந்தாள். மார்பு உயரத்துக்கு இரும்புச் சாவி, அதன் தலையில் குறுக்குக் கம்பி. பதினெட்டுச் சுற்று சுற்றினால்தான் வால்வு முழுசாகத் திறக்கும். பதினொன்றில் இருந்தாள்.

"படிச்சுச் சொல்லுங்க சார், ரெண்டு கையும் வேலையா இருக்கு."

அவர் படிக்கவில்லை. வாயாலேயே சொன்னார். நாளையிலிருந்து முதல் தெருவுக்கு நாற்பது நிமிடம், ஆறாம் தெருவுக்கு இருபது.

தொட்டியில் இருக்கிற தண்ணீர் காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது வரைக்கும்தான் வரும். ஆறு தெரு, தெருவுக்கு அரை மணி. ஒருத்தருக்குக் கூட்டினால் இன்னொருத்தருக்குக் குறையும். இதற்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டாம். வார்டின் புது உறுப்பினர் முதல் தெருவில் வீடு கட்டிக் குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது. வாசலில் புல் வளர்க்கிறார். ஆறாம் தெருதான் கடைசி. தண்ணியக்காவின் வீடு அங்கேதான் இருக்கிறது.

"புல்லுக்கா சார்?" என்றாள்.

"அப்படியெல்லாம் காகிதத்துல இல்ல." மேற்பார்வையாளர் குரலைத் தாழ்த்தினார். மேலே இருக்கிறவர்கள் எதைச் சொன்னாலும் "ஆகட்டும் சார்" என்பதால் அவருக்கு ஆகட்டும் என்றே பெயர். "வேற தெருவுல கைவச்சா சண்டைக்கு வருவாங்க. உன் தெருன்னா நீ சமாளிச்சுக்குவ. நான்தான் எடுத்துச் சொன்னேன்."

உபகாரம் செய்துவிட்டவர் மாதிரி அவர் முகம் இருந்தது. தண்ணியக்காவுக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. அடேயப்பா, என்ன கரிசனம்! பேச வாயெடுத்தால் கெட்ட வார்த்தைதான் வரும் என்று தெரிந்ததால் மிச்ச ஏழு சுற்றையும் சுற்றி முடித்தாள்.

ஒரு வால்வைத் திறந்துவிட்டால் அடுத்த அரை மணிக்குச் செய்ய ஒன்றுமில்லை. ஆறு தெரு வால்வும் இருக்கிற தொட்டியடிக் குழி ஓரத்தில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து அரசாங்கத்தைப் பற்றி யோசிப்பாள். ஒன்பது வருஷமாக அரசாங்கமே சம்பளம் கொடுத்துத் தன்னைப் பற்றி யோசிக்க ஆள் வைத்திருக்கிறது என்று தனக்குள் சிரித்துக்கொள்வதும் உண்டு. அவ்வளவு யோசித்து அவள் கண்டுபிடித்தது ஒரே ஒரு சட்டம். அதுவும் வீட்டுச் சட்டம்தான். மகள்கள் இரண்டு பேரும் சின்ன வயதில் எதைப் பங்கிட்டுக் கொடுத்தாலும் அடித்துக்கொள்வார்கள். ஒருநாள் பொறுமை போய்க் கத்தியையும் தர்பூசணியையும் அவர்கள் முன்னால் வைத்து, "யாராவது ஒருத்தி வெட்டுங்கடி. ஆனா வெட்டுறவளுக்குக் கடைசித் துண்டு" என்றாள். சின்னவள் ஓடிப்போய்ப் பள்ளிக்கூடப் பையிலிருந்து அளவுகோலை எடுத்துவந்து பழத்தை அளந்தாளே, பார்க்க வேண்டும்! அதோடு அந்த வீட்டில் பங்குச் சண்டை ஒழிந்தது. அதனால் இரண்டும் திருந்திவிட்டதாக அர்த்தமில்லை, அதே கழுதைகள்தான். சட்டம் சரியாக இருந்தது, அவ்வளவுதான்.

நாட்டுக்கும் இதைப் போட்டால் என்ன? ஆஸ்பத்திரியை நடத்துகிறவருக்குக் காய்ச்சல் வந்தால் அதே ஆஸ்பத்திரியில் கடைசி டோக்கன். ரோட்டுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் வீட்டு வாசலுக்குக் கடைசியாக ரோடு. பள்ளிக்கூடத்துக்குப் பொறுப்பானவர் பிள்ளை ஒழுகுகிற வகுப்பில், ஒழுகுகிற இடத்துக்கு நேர் கீழே. நல்லவனைத் தேடித் தேடி ஓட்டுப் போட்டு ஏமாந்தது போதும். எவன் வேண்டுமானாலும் வரட்டும், கடைசித் துண்டு உனக்குத்தான் என்று எழுதி வைத்துவிட்டால் அவனே ஓடிப்போய் அளவுகோலை எடுத்து வருவான்.

அன்று மாலை, கதவுக்கு அடித்தது போக மிஞ்சிய நீலப் பெயின்ட் டப்பாவோடு தொட்டியடிக்குப் போனாள். சின்னவளும் கூட வந்தாள். குழிக்குப் பின்னால் இருந்த சுவரில், யார் வேண்டுமானாலும் படிக்கும்படி, தண்ணியக்கா கொட்டை எழுத்தில் எழுதினாள். முதல் தெரு, 30. இரண்டாம் தெரு, 30. ஆறாம் தெருவுக்கு 30 என்று எழுதப்போனபோது சின்னவள் கையைப் பிடித்தாள்.

"பொய் எழுதாதம்மா. நமக்கு இருபத்தெட்டு."

தண்ணியக்கா தூரிகையை இறக்கினாள். ஒன்பது வருஷமாக யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள். தேனெடுத்தவன் புறங்கையை நக்காமலா இருப்பான் என்று ஒருத்தரும் தன்னைச் சொல்லிவிடக் கூடாதென்று, தன் தெருவை மட்டும் தினமும் இரண்டு நிமிடம் முன்னாலேயே மூடிவிடுவாள். அதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாதுன்னுதான்டி..."

"உன் நல்ல பேருக்கு எதிர்வீட்டு அக்கா, மாசமா இருக்கிறவங்க, எதுக்கும்மா ஒரு குடம் குறைச்சுப் பிடிக்கணும்? கடைசித் துண்டுன்னா சின்னத் துண்டுன்னு அர்த்தமில்ல. நீதான சொல்லிக்குடுத்த?"

சுருக்கென்று தைத்தது. தான் விட்டுக்கொடுத்ததாக நினைத்தது அடுத்தவர்களுடைய தண்ணீர். குறைத்தாலும் கேட்காத தெரு என்று ஆகட்டும் சாருக்கு வழிகாட்டியதே தான்தானோ? தூரிகையை மறுபடி பெயின்டில் தோய்த்தாள். பிறகு 30 என்று எழுதினாள். அதன் கீழே, 'முதல் தெருவுக்குப் பத்து நிமிடம் கூட்டி, ஆறாம் தெருவில் குறைக்கச் சொல்லி உத்தரவு' என்றும் எழுதிவிட்டு டப்பாவை மூடினாள்.

மறுநாள் காலை சுவர் முன்னால் திருவிழாக் கூட்டம். அவள் சுவரில் உள்ளபடியே திறந்தாள், மூடினாள். முதல் தெருத் தையல்காரர் தலையைச் சொறிந்தார். "பத்து நிமிஷம் கூட வந்தா எனக்கு மட்டும் கசக்குமாக்கா? ஆனா அது யார் வீட்டுத் தண்ணின்னு இப்படி எழுதி வச்சுட்டீங்களே, இனி தொண்டையில இறங்குமா?"

ஏழு மணி வாக்கில் உறுப்பினரே வந்தார். பின்னாலேயே ஆகட்டும். உறுப்பினர் கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டேதான் பேசினார். "அம்மா, நிர்வாகத்துல நூறு விஷயம் இருக்கும். உங்களுக்குப் புரியாது. சொன்னதைச் செஞ்சா போதும்."

தண்ணியக்கா வால்விலிருந்து சாவியை உருவினாள். சேறு சொட்டச் சொட்ட அவரிடம் நீட்டினாள்.

"நீங்களே பிரிங்க சார். எந்தத் தெருவுக்கு எத்தனை நிமிஷம் வேணாலும் வச்சுக்குங்க, நான் ஏன்னு கேக்க மாட்டேன். ஆறாம் தெருவுல ஒரு வீடு காலியா இருக்கு. அங்க குடிவந்துட்டுப் பிரிங்க."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உறுப்பினர் சாவியைத் தொடவில்லை. ஆகட்டும்தான் முன்னால் வந்து வாங்கிக்கொண்டார். "நாளைக்கு வேலைக்கு வராத. ஆர்டர் பின்னால வரும்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பயம் இல்லை என்று சொன்னால் அது பொய். கணவர் லாரியோடு போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவார். பெரியவளுக்குப் படிப்பு இன்னும் ஒரு வருஷம் பாக்கி. ஊருக்கு நியாயம் பேசப்போய் உலைக்கு வழியில்லாமல் ஆகிவிடுமோ? ஆனால் அந்தப் பெயின்டைப் போய் அழிக்கலாமா என்று ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை சும்மா இருக்க முடியாமல் தொட்டியடிக்குப் போனாள். அவளுக்கு முன்பே ஆறு தெருப் பெண்களும் குழியைச் சுற்றி நின்றிருந்தார்கள். கைக்கடிகாரம், செல்போன், ஒருத்தி சமையலறைச் சுவர்க் கடிகாரத்தையே கழற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். ஒல்லியான புது ஆள் ஒருத்தன் சாவியைப் பிடித்தபடி முழித்தான். தூரத்தில் ஆகட்டும் சார் போனில் யாருக்கோ தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் பிள்ளைகுட்டிக்காரன்" என்றான் புது ஆள். "நான் யார் சொல்றதக் கேக்கிறது?"

"நான் சொல்றதையும் கேக்காத தம்பி. சுவத்தைப் படி."

அவன் படித்தான். சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். குனிந்து முதல் தெருவைத் திறந்தான். ஆறரைக்குச் சுவர்க்கடிகாரக்காரி, "அரை மணி" என்றாள். அவன் மூடினான். நாளைக்கு என்ன செய்வானோ, யார் கண்டது.

எட்டரைக்குத் தண்ணியக்கா தன் தெருக் குழாயடியில் குடத்தோடு நின்றாள். ஒன்பது வருஷத்தில் அந்த வரிசையில் அவள் நிற்பது இதுதான் முதல் தடவை. வேண்டுமென்றே கடைசியில் நின்றாள். எதிர்வீட்டுக்காரி வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் நின்றாள். வரிசை நகர்ந்தது. எட்டு ஐம்பத்தெட்டு ஆனபோது எதிர்வீட்டுக்காரியின் குடம் பாதிதான் நிறைந்திருந்தது. தண்ணியக்காவின் இரண்டு கைகளும் தாமாகவே மார்புக்கு நேராக எழுந்து, இல்லாத குறுக்குக் கம்பியைப் பிடித்து, மூடுகிற பக்கம் சுற்றப் போயின. சட்டென்று இரண்டையும் இறக்கித் தன் குடத்தின் கழுத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். குழாய் ஒருமுறை விக்கியது. பிறகு தண்ணீர் அதே கனத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது.