நாற்காலியில் படுத்துக் கேட்ட பாட்டு

பாட்டு விஷயத்துல நான் கொஞ்சம் திமிர் பிடிச்சவதான், ஒத்துக்கறேன். ஊரே தலையில தூக்கி வச்சு ஆடுற பாட்டை நான் ஏறெடுத்தும் பார்க்க மாட்டேன். எனக்குன்னு ஒரு பாட்டு இருக்கு. முதல்ல புல்லாங்குழல் வரும். அப்புறம் ஒரு விநாடி ஒண்ணுமே இருக்காது, பாடுற அம்மா மூச்சை உள்ளே இழுக்கிறது மட்டும் கேட்கும். அதுக்கப்புறம்தான் பல்லவி. அந்த மூச்சுக்கு என் சொத்தையே எழுதி வைக்கலாம். சொத்துன்னு எதுவும் இல்லாததால தைரியமா சொல்றேன்.

என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் காதுல ஏறாது. மரம் அறுக்கிற பட்டறையில வேலை, நாள் பூரா ரம்பச் சத்தம். வீட்டுக்கு வந்தா அவருக்கு அமைதி வேணும். கல்யாணமான புதுசுல என் பாட்டைப் போட்டு, "எப்படி இருக்கு?"ன்னு ஆசையா கேட்டேன். "நல்லாதான் இருக்கு, கொஞ்சம் சத்தத்தைக் குறை"ன்னார். எனக்கு வயிறு எரிஞ்சுது. மனுஷன் நல்லவர், குறை சொல்லக் கூடாது. ஆனா எனக்கு உயிரா இருக்கிற ஒண்ணை, வீட்டுல ஒருத்தராவது கூட உட்கார்ந்து கேட்கணும்னு இத்தனை வருஷமா ஏங்கிட்டுத்தான் இருந்தேன்.

நான் பல் டாக்டர்கிட்ட உதவியாளர். டாக்டரம்மா பல்லைக் குடையும்போது, எச்சிலை உறிஞ்சுற குழாயைப் பிடிச்சுக்கிறது என் வேலை. ஒரு நாள் நானேதான் சொன்னேன், "மேடம், வர்றவங்க பயந்து சாகறாங்க. பாட்டுப் போட்டா கொஞ்சம் அடங்கும்." அவங்களுக்குப் பாட்டும் ஒண்ணுதான், மிக்ஸி சத்தமும் ஒண்ணுதான். "என்னமோ பண்ணு"ன்னுட்டாங்க.

எனக்கு வாயெல்லாம் பல்லு. இதைவிட நல்ல ரசிகர்கள் எனக்கு எங்கே கிடைப்பாங்க? நாற்காலியைச் சாய்ச்சு, வாயைத் திறக்க வச்சு, உள்ளே குழாயையும் விட்டாச்சுன்னா, "பாட்டை மாத்து"ன்னு சொல்ல ஒருத்தராலயும் முடியாது. மரத்துப்போற ஊசி போடுற நேரத்துக்குச் சரியா என் பாட்டு வர்ற மாதிரி பார்த்துக்கிட்டேன். அவங்களுக்குக் கண்ணுல தண்ணி வரும். ரசிக்கிறாங்கன்னு நெனச்சேன். அவ்வளவு புத்திசாலி நான்.

அப்புறம் ஒரு நாள் என் வீட்டுக்காரரே கன்னம் வீங்கி வந்து சேர்ந்தார். கடைவாய்ப் பல்லுல வேர் வரைக்கும் சொத்தை, பல தடவை வந்து படுத்தாகணும். அவர் வலியில துடிக்கிறார், எனக்கோ உள்ளுக்குள்ள ஒரே குஷி. பாட்டைப் போட்டேன். பட்டறையில ஆள் உசர மரத்தையெல்லாம் பொளக்கிற மனுஷன், ஊசியைப் பார்த்ததும் என் கையைப் பிடிச்சார் பாருங்க, விரல் நசுங்கிப் போச்சு. ஒரு கையில குழாய், இன்னொரு கையில அவர். வந்த தடவையெல்லாம் இதே கதைதான். கடைசித் தடவை கிளம்பும்போது, "எப்படி இருந்துச்சு?"ன்னேன். நான் கேட்டது பாட்டை.

"இப்ப பரவாயில்ல. சூடா குடிச்சா மட்டும் கூசுது."

இனி இந்த ஜென்மத்துல இவர்கிட்ட பாட்டுப் பேச்சே எடுக்கறதில்லைன்னு கை கழுவிட்டேன்.

போன மாசம் டாக்டரம்மா பெரிய கட்டடத்துக்கு மாறினாங்க. பழைய பேஷண்டுங்களையெல்லாம் கூப்பிட்டு மாடியில ஒரு சின்ன விருந்து. "பாட்டுக்கு நீ பொறுப்பு"ன்னாங்க. என்கிட்ட அதைச் சொல்லணுமா? எல்லாரும் தட்டும் கையுமா சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்த நேரம் பார்த்து என் பாட்டைப் போட்டுட்டு, வீட்டுக்காரர் பக்கத்துல வந்து உட்கார்ந்தேன்.

புல்லாங்குழல் வந்துச்சு. பேச்சு மெல்ல மெல்ல அடங்குச்சு. எனக்குப் பெருமை தாங்கல. அப்புறம்தான் பார்த்தேன், தபால் ஆபீஸ்காரர் எடுத்த கவளத்தை அப்படியே தட்டுல போட்டுட்டுக் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டிருந்தார். பின்னாடி ஒரு ஸ்கூல் டீச்சர், தாடையில கை. அந்த வரிசை பூரா கை கன்னத்துலதான். ஓரமா இருந்த ஒரு பெரியவர், யாரும் சொல்லாமலே வாயைத் திறந்தார். பாட்டுல அந்த அம்மா மூச்சை இழுத்தாங்க, கூடவே மாடியே மூச்சை இழுத்துச்சு.

எதிர்ல இருந்த ஒரு பொம்பளை, "யாரும்மா இந்தப் பாட்டைப் போட்டது, அவ நல்லா இருப்பாளா?"ன்னு என்கிட்டயே கேட்டாங்க. க்ளினிக்ல எந்நேரமும் மாஸ்க் போட்டிருப்பேன், என் முகம் அவங்களுக்குத் தெரியாது, அது என்னைக் காப்பாத்துச்சு. "தெரியலையேக்கா"ன்னேன்.

அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. என் உயிர்ப் பாட்டை நானே பாடுபட்டு ஊருக்கெல்லாம் பல்வலியாக்கி வச்சிருக்கேன். போய் நிறுத்தித் தொலைப்போம்னு எழப் பார்த்தா, முடியல. என் வீட்டுக்காரர் என் கையைப் பிடிச்சிருந்தார். ஒரு கை அவர் கன்னத்துல, இன்னொரு கை என் கைமேல, அதே விரல் நசுங்குற பிடி. கண்ணு தட்டைப் பார்த்துக்கிட்டிருந்துச்சு. பிடிச்சிருக்கோம்னே அவருக்குத் தெரியல.

"என்னங்க, பாட்டை நிறுத்தட்டுமா?"

"நிறுத்து. கேட்டாலே பல்லு கூசுது"ன்னார். கையை மட்டும் விடல.

மத்தவங்களுக்கு அந்தப் பாட்டுல ஊசிதான் இருக்கு. இவருக்கு ஊசியோட நானும் இருக்கேன்.

பாட்டு முடியற வரைக்கும் நான் எழுந்திருக்கவே இல்ல. தபால் ஆபீஸ்காரர்தான் பாவம், அதுக்கப்புறம் ஒரு வாய்கூட சாப்பிடல.