ஒட்டுப்பாலின் மூக்கு

புகைக்கூட்டு ஜெயம்மாவுக்கு மணம் தெரியாது. இந்த விஷயம் அந்தத் தோட்டத்தில் இரண்டே இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று ஜெயம்மா, மற்றது அவள் வளர்த்த பூனை.

கரவனெல்லைக்கு மேலே மலைச்சரிவில் இருந்த ரப்பர் தோட்டம் அது. பத்தொன்பது வருஷமாக அங்கே புகைக்கூடு என்ற அடுப்பறையில் ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடுகிறவள் அவள்தான். விறகைக் கொழுந்துவிட்டு எரிய விடாமல் கனிய வைத்து, கழிகளில் தொங்கும் வெள்ளை ஷீட்டுகள் தேன் நிறத்துக்கு வரும்வரை காவல் இருப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு அவள் தன் மூக்கைக் கொடுத்திருந்தாள். அது எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது. ஒரு பொங்கலன்று பானை அடிப்பிடித்து, லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த ஜீவராணி ஓடிவந்து இறக்கி வைத்தபோதுதான் விளங்கியது. ஜெயம்மா யாரிடமும் மூச்சு விடவில்லை. ஈரம் காயாத ஷீட்டு புளித்த வாடை அடிக்கும், அதை மோப்பம் பிடிக்கத் தெரியாதவளைப் புகைக்கூட்டில் எவன் வைத்திருப்பான்? விரலால் தடவியும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் அவள் வேலையை ஓட்டினாள்.

ஷீட்டு வேலையை விரல் பார்த்துக்கொண்டது. சாப்பாட்டை யார் பார்ப்பது? நேற்றைய மீன் குழம்பு இன்று கெட்டுவிட்டதா இல்லையா என்று விரலால் சொல்ல முடியுமா? அதற்குத்தான் கடவுள் ஒட்டுப்பாலை அனுப்பி வைத்தார். மரப்பட்டையில் வழிந்து காய்ந்து, உரித்தாலும் போகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்ச ரப்பருக்கு ஒட்டுப்பால் என்று பெயர். குட்டியிலிருந்தே அவள் காலை விட்டு நகராத அந்தப் பழுப்புக் கடுவனுக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. தினமும் முதல் துண்டு அவனுக்கு. மோந்து பார்த்துவிட்டுத் தின்றால் அவளும் தின்பாள். முகத்தைத் திருப்பினால் குழம்பு வாய்க்காலுக்குப் போகும். ஆறு வருஷமாக இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் வந்ததில்லை.

தொண்ணூற்றெட்டாம் வருஷத்து வைகாசி மழையில் ஒட்டுப்பால் தும்மத் தொடங்கினான். முதல் நாள் அது வேடிக்கையாக இருந்தது. மறுநாள் கண்ணில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொண்டது, மூக்கில் மஞ்சளாகச் சளி காய்ந்து அடைத்தது. ஜெயம்மா கலங்கவில்லை. சளிக்கு மருந்து அவள் கையிலேயே இருந்ததே. அந்தத் தோட்டத்தில் சளிப்பிள்ளைகளைப் புகைக்கூட்டு வாசலில் கொஞ்ச நேரம் காட்டிவிட்டுப் போவது பழக்கம். சளியைப் புகை குடித்துவிடும் என்பார்கள். ஜெயம்மா எத்தனை பிள்ளைகளைக் கையில் வாங்கி வாசலில் பிடித்திருப்பாள். பிள்ளைக்கு வாசல் என்றால், பூனைக்கு உள்ளேயே இடம் கொடுத்தால் இன்னும் நல்லதுதானே? அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து, சூடான புகையில் அவனைப் படுக்க வைத்தாள்.

அன்று வைத்த மீனை அவன் பார்க்கவே இல்லை. மீன் கெட்டுவிட்டது என்று அவள் குழம்பைக் கொட்டினாள். அடுத்த நாள் சைக்கிளில் மீன் கொண்டுவரும் முக்தாரிடம் புது மீன் வாங்கினாள், அதையும் அவன் சீந்தவில்லை. மூன்றாம் நாள் முக்தாரை லயத்து வாசலிலேயே மறித்து, நாறிப்போன மீனை விற்கிறாயா என்று கிழிகிழியென்று கிழித்தாள். அவன் அல்லா மேல் ஆணையிட்டுவிட்டு, மீனை எடுத்து எல்லோர் மூக்குக்கு நேராகவும் நீட்டினான். ஜெயம்மாவின் மூக்குக்கு நேராகவும் நீட்டினான். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மூன்று நாளாக நல்ல மீனையெல்லாம் வாய்க்காலில் கொட்டிவிட்டு, உப்புப் போட்ட வெறுஞ்சோற்றைத் தின்றவள் அவள்.

நாலாம் நாள் காலையில் ஒட்டுப்பால் தலையைத் தூக்கவில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடுமா என்று கேட்பார்கள். ஜெயம்மாவுக்கு இருண்டுதான் போனது.

நல்லகாலம், அன்றைக்குத்தான் மாடுகளுக்கு ஊசி போடும் நாள். அரசாங்க மிருக வைத்தியர் விசுவலிங்கம் மோட்டார் சைக்கிளில் வந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் லயத்து மாடுகளை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். யாழ்ப்பாணத்து ஆள், அதிகம் பேசாதவர். மாடுகளுக்கு நடுவில் பால் வாளியில் பூனையைத் தூக்கிக்கொண்டு ஜெயம்மா வந்து நின்றதும் சனம் சிரித்தது. பால் கறக்கிற பூனையா என்று ஒருவன் கேட்டான். டொக்டர் சிரிக்கவில்லை. வாளியை நிழலுக்குக் கொண்டுபோய் பூனையின் வாயைத் திறந்து பார்த்தார். நாக்கில் புண் இருந்தது. மயிரை மோந்து பார்த்துவிட்டு, எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். அவள் பெருமையோடு சொன்னாள்.

அவர் ஏசவில்லை. புகை சளியைக் குடிக்காது, ஏற்கெனவே புண்பட்ட மூச்சுக்குழலை இன்னும் அரிக்கும் என்று மட்டும் சொன்னார். ஓர் ஊசி போட்டார். இளஞ்சூட்டு உப்புத்தண்ணீரில் பஞ்சை நனைத்து மூக்கையும் கண்ணையும் துடைக்க வேண்டும், மூடிய அறையில் சுடுதண்ணீரை வைத்து ஆவி படவிட வேண்டும், மனிதர் குடிக்கும் காய்ச்சல் மாத்திரையை மறந்தும் கொடுக்கக்கூடாது, அது பூனையைக் கொன்றுவிடும் என்றார். ஜெயம்மா முந்தானை முடிச்சில் இருந்த அரை மாத்திரையை அப்போதே அவிழ்த்து மண்ணில் போட்டாள். தும்மலிலும் சட்டியிலும் தொட்ட கையிலும் இந்த நோய் மற்றப் பூனைகளுக்குத் தாவும், நோய் ஆறும்வரை இவனுடைய சட்டி வேறு, அவை தின்னும் சட்டி வேறு என்று வைத்துக்கொள்ளட்டும், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவட்டும் என்றார். வராமல் தடுக்கும் ஊசியும் உண்டாம், கொழும்பிலிருந்து எடுப்பித்தால் லயத்துக் குட்டிகளுக்குப் போடலாமாம்.

ஜெயம்மாவுக்கு ஒன்றுதான் கேட்க வேண்டியிருந்தது. பிழைக்குமா?

"தின்னவேணும் அம்மா. பூனை மணந்து பாத்துத்தான் தின்னும். மூக்கடைச்சால் முன்னால இருக்கிறது சாப்பாடெண்டே அதுக்குத் தெரியாது. நாளைக்குள்ள தின்னாட்டி ஈரல் கெட்டுடும், பிறகு என்னாலயும் ஏலாது. நல்லா மணக்கிற கருவாடாச் சுட்டுக் குடுங்கோ. நீங்களே மணந்து பாத்து எடுங்கோ."

சுற்றி நின்றவர்களில், அவள் ஷீட்டுகளைப் பார்த்துப் பொறுப்பெடுக்கும் ஸ்டோர் கணக்கப்பிள்ளையும் இருந்தார். ஜெயம்மா அவரையும் பார்த்தாள், வாளியையும் பார்த்தாள்.

"எனக்கு வாசம் தெரியாதுங்க ஐயா," என்றாள். "ரொம்ப வருஷமாச்சுங்க. இது மோந்து பாத்தாத்தான் நான் சோறே திங்கிறது."

கணக்கப்பிள்ளை தரையைப் பார்த்தார். பத்தொன்பது வருஷத்தில் அவள் கையால் ஒரு ஷீட்டும் புளித்ததில்லை என்பது அவருக்குத் தெரியாததல்ல. அவர் அன்றும் ஒன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

டொக்டர் வாளியை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். "அப்ப பக்கத்து வீட்டுக்காரர் மூக்கைப் பொத்துற கருவாடா எடுங்கோ," என்றார்.

அன்று பின்னேரம் ஜீவராணி சளிப்பிள்ளையோடு புகைக்கூட்டுக்கு வந்தாள். ஜெயம்மா வாசலிலேயே மறித்து, டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னாள். தன் வாயால் அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. காம்பராவில் கதவைச் சாத்தி, சுடுதண்ணீர்ச் சட்டியை வைத்து, பூனையின் மூக்கைத் துடைத்தாள். சளி கல்லாகக் காய்ந்திருந்தது. நனைத்து நனைத்து விடிந்த பிறகுதான் முழுதாகக் கழன்றது. உள்ளே சின்னதாக, ரோஸ் நிறத்தில் மூக்கு தெரிந்தது.

மத்தியானம் கருவாட்டைத் தணலில் போட்டாள். எதையும் உணராமல் புரட்டிக்கொண்டிருந்தவளுக்கு வெளியே ஜீவராணியின் குரல் கேட்டது. "என்னாக்கா இது, ஊரையே நாறடிக்கிறீங்க!" திரும்பிப் பார்த்தாள். ஜீவராணி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஜெயம்மாவுக்கு அவளைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

ஒரு துண்டைப் பிய்த்து விரலில் வைத்துக்கொண்டு பூனைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்த மூக்கு அசைந்தது. ஒரு தரம், இன்னொரு தரம். அவள் விரலுக்கும் அவனுக்கும் நடுவில் ஒன்றுமில்லை, வெறும் காற்று. அந்தக் காற்றில் ஏதோ போய் அவனைத் தொட்டிருக்கிறது. ஒட்டியிருந்த கண்ணில் ஒன்று பாதி திறந்தது. காது நிமிர்ந்தது. நாலு நாளாகப் பிணம் போலக் கிடந்த உடம்பு தலையைத் தூக்கி, அந்தக் காணாத கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் விரலை நோக்கி நகர்ந்தது. தனக்குச் செத்துப்போன ஒன்று இந்த உலகத்தில் இன்னும் உயிரோடு நடமாடிக்கொண்டிருந்ததை அவள் கண்ணால் கண்டாள். கோயிலில்கூட அவள் அப்படி லயித்துப் பார்த்ததில்லை.

சொரசொரப்பான நாக்கு விரலில் பட்டது. முதல் துண்டு போயிற்று. இரண்டாவதும் போயிற்று.

ஜெயம்மா எழுந்து சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினாள். தணலில் மிச்சமிருந்த கருவாட்டைத் தன் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, நாலு நாளைக்குப் பிறகு பயமில்லாமல் சாப்பிட உட்கார்ந்தாள்.