கதிர்வேலுக்கு வந்த பக்தி

வேலம்பாளையத்தில் எங்கள் வீதிக்கு அந்தக் கறுப்பு வண்டி வந்த நாளிலிருந்து எதிர்வீட்டுக் கதிர்வேலுக்குத் தூக்கம் போய்விட்டது. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். எங்கள் மாடி ஜன்னல் அவர்கள் வாசலைப் பார்த்தபடி இருக்கிறது. அதை நான் வைக்கவில்லை, கொத்தனார் வைத்தது.

வெளிநாட்டுக்காரன் செய்த வண்டி. கோயமுத்தூரில் ஒரு டாக்டர் வருஷக்கணக்கில் ஓட்டிவிட்டு விற்றது. அவ்வளவு பெரிய வண்டி ஒரு புதுச் சின்னக் காரின் விலைக்குக் கிடைக்கிறது என்றதும் கதிர்வேலுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மாமனார் லிங்கசாமி மட்டும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானுங்க இருக்குது மாப்ள. அப்பறம் எதுக்குங்க அந்த டாக்டரு உட்டுப்போட்டாரு?" என்றார். மாப்பிள்ளை சிரித்து மழுப்பினார். பதிலை வண்டியே சொல்ல ஆரம்பித்தது.

முதலில் படுத்துக்கொண்டது. காற்றுப் பையின் மேல் நிற்கிற வண்டியாம். ராத்திரி நிமிர்ந்து நின்றது, விடிந்து பார்த்தால் குட்டையில் கிடக்கிற எருமை மாதிரிப் பின்பக்கத்தைத் தரையில் பரப்பியிருந்தது. அந்தப் பைகளை மாற்றிய காசில் நாலு தையல் மிஷின் வாங்கியிருக்கலாம். சாவி தொலைந்ததற்கு ஒரு மொபெட் விலை. கோயமுத்தூர் சர்வீஸில் கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்ப்பதற்கே தனி பில். ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தால் கதிர்வேல் முகம் வெளுத்துவிடும்.

வெயில் படக் கூடாது, கண் படக் கூடாது என்று (கண் என்றால் என் கண்தான்) வண்டியைப் பனியன் துணி பின்னும் தன் நிட்டிங் கம்பெனிக்குள்ளேயே மிஷின்களுக்குப் பக்கத்தில் நிறுத்தத் தொடங்கினார். சாயங்காலம் ஷிப்ட் முடிந்தால் ஆட்கள் ஏர் பைப்பைப் பிடித்து, உடம்பெல்லாம் ஒட்டிய பஞ்சை அடித்துத் தள்ளுவார்கள். அதே பைப்பால் கதிர்வேல் பானெட்டைத் திறந்து வண்டிக்கும் தினம் தவறாமல் அடித்தார். "எம்பட புள்ளைக்குக் கூட இப்படிப் பவுடர் போட்டதில்லீங்க அக்கா" என்று அவர் மனைவி சாரதாமணி என்னிடம் அலுத்துக்கொண்டாள்.

சித்திரை பிறந்ததும் புது வியாதி வந்தது. கொஞ்ச தூரம் போனாலே இன்ஜின் சூடு ஏறியது. சர்வீஸ்காரர்கள் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். உத்தேசமாகச் சொன்ன தொகையைக் கேட்டதும் கதிர்வேல் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்து, வீட்டில் "எல்லாஞ் சரியாப் போச்சு" என்று சொல்லிவிட்டார். கூடப் போன மேனேஜர் வெள்ளையனின் மனைவி சொல்லி எனக்குத் தெரியும். சாரதாமணிக்குத் தெரியாது.

இந்த லட்சணத்தில்தான் மாப்பிள்ளை வீடு பார்க்கும் நாள் வந்தது. கதிர்வேலின் மகள் தேஜஸ்ரீக்குக் காங்கேயத்தில் ரித்தீஷ் என்று ஒரு பையன். பெண்ணுக்கும் பையனுக்கும் பிடித்துப்போய், போனில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. பெரியவர்கள் போய் வீடு பார்த்துவிட்டு வர வேண்டியதுதான் பாக்கி. ஆனால் லிங்கசாமிக்கு ஒரு சட்டம் உண்டு. நல்ல காரியத்துக்குப் போகும்போது வண்டி வழியில் நின்றால் அது தடை, அப்படியே திரும்பிவிட வேண்டும். போன வருஷம் கோபியில் ஒரு வரன் இப்படித்தான் குன்னத்தூர்ப் பக்கம் டயர் பஞ்சராகிப் போனது. இனி ஒரு காரியம் வழியில் நிற்கக் கூடாது என்றுதான் கதிர்வேல் இந்தப் பெரிய வண்டியையே வாங்கினார்.

கதிர்வேல், சாரதாமணி, லிங்கசாமி, கதிர்வேலின் தங்கை தரணி. ஆள் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். நான் அதற்கு முன்பே சேலை கட்டித் தயாராகத்தான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகு காலம். அதற்குள் போய்ச் சேர வேண்டும்.

ஊரைத் தாண்டுவதற்குள் கதிர்வேல் ஏசியை அணைத்தார். "மாமாவுக்குச் சளி புடிச்சுக்கும்." கொஞ்ச நேரத்தில் உள்ளே அனல் வீசியது. இன்ஜின் சூட்டை உள்ளே இழுத்துவிட ஹீட்டரைப் போட்டிருக்கிறார்!

"அண்ணா, இட்லிக் குண்டாவுக்குள்ள உக்கோந்தாப்ல இருக்குதுங்க" என்றாள் தரணி, பட்டுச்சேலையில் வெந்தபடி.

"பெரிய வண்டின்னா அப்படித்தான். மொதல்ல சூடா வந்துதான் அப்பறம் குளுகுளுன்னு வரும்."

பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். இன்ஜின் சூடு காட்டும் முள் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த வளைவில் ஒரு பிள்ளையார் கோயில். சட்டென்று நிறுத்தி, "நல்ல காரியத்துக்குப் போறோம், கும்புட்டுட்டுப் போலாமுங்க" என்றார். சாமி கும்பிட நின்றால் தடை ஆகாதே! பிள்ளையாரை ஒன்பது சுற்றுச் சுற்றினார். முள் இறங்கியது.

அப்புறம் ஒரு மாரியம்மன். அப்புறம் ஒரு கருப்பராயன். பத்து ரூபாய் கோயில் வரிக்குப் பத்து நாள் இழுக்கிற மனுஷன், விபூதி பூசப் பூசக் கண்ணை மூடி நின்றார். மூடிய இமை துடித்துக்கொண்டே இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்த சாரதாமணி, "ஏனுங்க, போதுமுங்க" என்றாள். லிங்கசாமி முதல் கோயிலில் மகிழ்ந்தார், இரண்டாவதில் யோசித்தார், மூன்றாவதில் இறங்கவே இல்லை.

படியூர் தாண்டியதும் கோயில்கள் தீர்ந்துவிட்டன. இரண்டு பக்கமும் வேலிக்காடு. வண்டி மணியடித்தது, சிவப்பு விளக்கு எரிந்தது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் நடை வேகம். அதுவும் போய், ரோட்டோரம் நின்றேவிட்டது.

கதிர்வேல் குதித்து இறங்கினார். எதிரே இருந்த கிலோமீட்டர் கல்லுக்கு முன்னால் கைகூப்பினார். ஆயுத பூஜைக்கு ரோட்டு வேலைக்காரர்கள் வைத்த சந்தனமும் குங்குமமும் அதில் மங்கலாக ஒட்டியிருந்தன.

லிங்கசாமி மெல்ல இறங்கினார். செருப்பைக் கழற்றினார். குனிந்து படித்தார்.

"இந்தச் சாமி பேரு காங்கேயம் ஒம்பதுங்களா மாப்ள?"

யாரும் சிரிக்கவில்லை. நானும்தான். பானெட்டிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. சாரதாமணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆவி அடங்கிப் பானெட்டைத் திறந்தால், ரேடியேட்டருக்கு முன்னால் மெத்தைக்கு அடைத்ததுபோல வெள்ளைப் பஞ்சு. கதிர்வேல் விரலால் இழுத்தார். துணி போலப் பாளம் பாளமாக வந்தது. அவர் கம்பெனிப் பஞ்சு, அவரே தினமும் ஏர் அடித்து உள்ளே திணித்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"வண்டிக்கும் பனியன் போட்டு உட்டிருக்கறீங்க" என்றார் லிங்கசாமி. குரலில் கோபமா, வேறு ஏதாவதா, எனக்கே பிடிபடவில்லை. அவர் கண் வந்த திசையைப் பார்த்தது. திரும்பு என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

அப்போது சாரதாமணியின் போன் அடித்தது. தேஜஸ்ரீ. சாரதாமணி எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருக்க, பெரியவர் வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, போயிட்டீங்களா? அவங்க ஊட்டுல ரெண்டு தடவ கேட்டுட்டாங்க."

"நாந்தான் கண்ணு."

தாத்தாவின் குரல் என்றதும் அவள் குரல் தணிந்தது. "அப்புச்சி… வண்டி நின்னுபோச்சுங்களா?"

லிங்கசாமி கல்லைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மண்ணில் கிடந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். போன வருஷம் கோபி வரன் போனபோது இந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்தது அவருக்கும் ஞாபகம் இருந்திருக்க வேண்டும்.

"இல்ல கண்ணு. சாமி கும்புட எறங்குனோம். இப்பப் போயிருவோம்."

போனை வைத்ததும், தூரத்தில் வந்த காங்கேயம் பஸ்ஸுக்குத் துண்டை வீசினார். வண்டியைப் பூட்டிவிட்டு, பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பட்டுச்சேலை கசங்கக் கசங்கப் போய் இறங்கி ஓட்டமும் நடையுமாக வீதிக்குள் நுழைந்தபோது ராகு காலத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது.

ரித்தீஷின் அப்பா ஆறுமுகசாமி வாசலிலேயே நின்றிருந்தார். எங்களைக் கும்பிட்டபடியே எங்கள் முதுகுக்குப் பின்னால் தேடினார். "வாங்க, வாங்க. பெரிய வண்டின்னு சொன்னாங்களே, எங்கீங்க?"

கதிர்வேல் குனிந்து செருப்பைக் கழற்றினார். தலைமுடியில் ஒரு துண்டுப் பஞ்சு ஒட்டியிருந்தது.

"கோயில்ல நிக்குதுங்க" என்றார் லிங்கசாமி, கண் இமைக்காமல்.

கதிர்வேல், சாரதாமணி, தரணி மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் வாயைப் பற்றி வீதியில் எல்லாருக்கும் தெரியும். நான் பழத்தட்டை நேராகப் பிடித்துக்கொண்டேன்.

"ஆமாங்க" என்றேன். "ரொம்பச் சக்தியான சாமிங்க."